நாது லாவும் எவர்சில்வர் தகடும்: சேலம்–நாமக்கல் சமவெளியிலிருந்து சீன ஆய்வு

இந்தியாவில் சீனாவை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொள்பவர் தொடக்கத்திலேயே ஒரு பிரிவைத் தேர்ந்துகொள்ள நேர்கிறது: உள்நாட்டு அரசியல், வெளியுறவுக் கொள்கை, வட்டாரப் பாதுகாப்பு. இந்தப் பிரிவினை சீனாவின் இயல்பிலிருந்து வந்ததன்று. 1962 போருக்குப் பின் டெல்லியில் நிறுவனங்கள் உருவான விதத்திலிருந்து வந்தது. இம்மூன்றும் எப்போது ஒன்றோடொன்று பிணைகின்றன, எப்போது தனித்தனியே நகர்கின்றன என்று பிரித்தறிவதே சீன ஆய்வாளரின் முதன்மைத் திறன் என்பது என் வாதம். சேலம்–நாமக்கல் சமவெளியின் அண்மைக்கால வரலாறு இதற்கு இரண்டு வலுவான சான்றுகளைத் தருகிறது.

சாந்திநிகேதனில் 1937-இல் தான் யுன்-ஷானின் முயற்சியால் எழுந்த சீன பவனம் மொழியையும் பௌத்தத்தையும் மையமாகக் கொண்டிருந்தது. போர்த் தோல்வி அந்தத் திசையை மாற்றியது. 1964-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வு மையம் தொடங்கியது. அதே ஆண்டு 'சைனா ரிப்போர்ட்' இதழ் வெளிவந்தது. 1965-இல் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அமைந்தது. இந்தச் சிந்தனையை வளர்த்தவர்களில் தமிழர்களும் முன்வரிசையில் இருந்தனர். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் அந்தப் பாதுகாப்பு நிறுவனத்தை இருமுறை இயக்கினார். 1958 முதல் 1961 வரை பீகிங்கில் இந்தியத் தூதராக இருந்த ஜி. பார்த்தசாரதி, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். சென்னையில் 2008-இல் தோன்றிய சீன ஆய்வு மையத்தின் பணி மதிப்புக்குரியது. ஆனால் தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் சீன மொழிப் பயிற்சியோடு கூடிய அரசியல் ஆய்வு வேரூன்றவில்லை. சீனா என்றாலே இமயமலை எல்லை, எல்லை என்றாலே டெல்லியின் கவலை என்ற எண்ணம் இங்கே ஆழப் படிந்துவிட்டது.

அந்த எண்ணம் தவறு என்பதற்குத் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன் குடும்பமே சான்று. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயனின் மகன் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் 1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை தரைப்படைத் தலைவர். அவர் காலத்தில்தான் சிக்கிம் எல்லையில் 1967 செப்டம்பர் 11 அன்று நாது லாவிலும், அக்டோபர் 1 அன்று சோ லாவிலும் சீனப் படையோடு மோதல் மூண்டது. எல்லையில் கம்பி வேலி அமைக்கும் பணியின்போது நாது லாவில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. ஐந்தாண்டுகளுக்கு முன் சிதறிய படை இம்முறை பீரங்கியால் பதிலடி கொடுத்து நின்றது.

இராணுவ வரலாற்று நூல்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் 1967-இன் கோடைக்காலம் முழுவதையும் சேர்த்துப் படித்தால் வேறொரு கேள்வி எழுகிறது. ஜூனில் பீகிங்கிலிருந்த இந்தியத் தூதரக அதிகாரிகள் இருவரைச் சீன அரசு உளவுக் குற்றம் சாட்டி வெளியேற்றியது. கலாச்சாரப் புரட்சியின் செங்காவலர்கள் அவர்களை விமான நிலையத்திலேயே தாக்கினர். ஜூலை 5 அன்று சீனக் கட்சி ஏடான பீப்பிள்ஸ் டெய்லி நக்சல்பாரி எழுச்சியைப் போற்றித் தலையங்கம் எழுதியது. ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சகமே தீவிர இடதுசாரிக் குழுக்களின் பிடியில் தடுமாறியது. பிரிட்டிஷ் தூதரகக் கட்டடம் தீக்கிரையானது. இத்தகைய வேளையில் நாது லாவில் சுடும் முடிவை எடுத்தது யார்? பீகிங் தலைமையா, எல்லையிலிருந்த தளபதியா? கலாச்சாரப் புரட்சியின்போது கட்சிக்கும் படைக்கும் இருந்த உறவை அறியாத ஒருவரால் இதற்குப் பொறுப்பான விடை சொல்ல முடியாது. 2004 முதல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்ட சீன வெளியுறவு ஆவணங்கள் 1965 வரையே எட்டின. பிறகு அவற்றின் பெரும்பகுதியும் மூடப்பட்டுவிட்டது. ஆகவே 1967-ஐப் புரிந்துகொள்ள ஏடுகள், நினைவுக் குறிப்புகள், கட்சிச் சுற்றறிக்கைகள் ஆகியவற்றையே நம்ப வேண்டும். அவற்றைச் சீன மொழியில் படிக்க வேண்டும்.

ஜெனரலின் தம்பி மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் வளர்ந்தவர். 1964-இல் அந்த இயக்கம் பிளந்ததற்குச் சீனா–சோவியத் பிணக்கும் எல்லைப்போர் பற்றிய நிலைப்பாடும் முக்கியக் காரணங்கள். 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தர்மபுரியில் 1970-களில் நக்சல் இயக்கம் கால் ஊன்றியது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி இருவரின் வாழ்க்கையிலும் சீனா குறுக்கிட்டது, வெவ்வேறு வாசல்கள் வழியாக. 1967-இல் அந்த வாசல்கள் அனைத்தும் ஒரே கூடத்தில் திறந்தன.

இரண்டாவது சான்று இதற்கு நேர்மாறானது. மோகன் குமாரமங்கலம் உருக்குத்துறை அமைச்சராக இருந்தபோதுதான் 1973-இல் இந்திய உருக்கு ஆணையம் உருவாயிற்று. சேலத்தார் 'இரும்பாலை' என்றே அழைக்கும் சேலம் உருக்காலை அதன் அங்கம்; இந்திரா காந்தி 1970-இல் அடிக்கல் நாட்டிய அந்த ஆலை, 1981 முதல் எவர்சில்வர் தகடு உற்பத்தி செய்கிறது. சீனத் தகடுகள் மலிவாக வந்து குவிந்தபோது, அந்நாட்டு அரசு தரும் மானியத்தை ஈடுகட்ட இந்தியா 2017 செப்டம்பரில் 18.95 விழுக்காடு வரி விதித்தது. டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற நிலை ஆகஸ்ட் 28 அன்றுதான் முடிந்திருந்தது. எல்லையைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்குபவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார். ஆனால் வரிக்கான விசாரணை 2016-இலேயே தொடங்கிவிட்டது. டோக்லாமுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்து நடந்தது இன்னும் தெளிவான பாடம். 2020 ஜூன் 15 அன்று கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்தவர். இரு வாரத்தில் 59 சீனச் செயலிகள் தடை செய்யப்பட்டன. சீனாவின்மீது சினம் உச்சத்தில் இருந்த அந்நிலையில், 2021 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் சீனத் தகடுகள் மீதான அந்த வரி நிறுத்திவைக்கப்பட்டது; 2022-இல் அடியோடு விலக்கப்பட்டது. உலோக விலையேற்றத்தால் பாத்திரம் செய்யும் சிறு தொழில்கள் நெருக்கடியில் இருந்ததே காரணம். இங்கே 'இந்திய நலன்' என்று ஒற்றைப் பொருள் கிடையாது: வரி இருந்தால் இரும்பாலைக்கு நன்மை, போனால் பட்டறைக்காரருக்கு நன்மை. சீனக் கச்சாப் பட்டின்மீது 2003-இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி வந்தபோதும் பட்டுப்பூச்சி வளர்ப்போரும் பட்டு நெசவாளரும் இப்படித்தான் எதிரெதிர்ப் பக்கம் நின்றனர்.

மலிவுத் தகட்டின் வேர் சீன மாகாணங்களின் அரசியலில் இருக்கிறது. உற்பத்தியையும் வரி வருவாயையும் பெருக்கிக் காட்டினால் பதவி உயரும் என்பதால் உள்ளூர் அதிகாரிகள் ஆலைகளுக்கு நிலமும் வங்கிக் கடனும் தாராளமாகப் பெற்றுத் தந்தனர்; தேவைக்கு மிஞ்சிய உற்பத்தித் திறன் அப்படிச் சேர்ந்தது. சிங்ஷான் என்னும் சீனத் தனியார் நிறுவனம் நிக்கல் கிடைக்கும் இந்தோனேசியாவின் மொரோவாலிக்கே சென்று ஆலை எழுப்பியது. வட்டாரக் கொள்கை என்பது போர்க்கப்பல்களின் நடமாட்டம் மட்டுமன்று என்பதை இது காட்டுகிறது. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனம் பெற்றதையும், 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அங்கே வந்ததையும் தமிழ்நாட்டில் பலரும் பேசினோம், மொரோவாலியைப் பேசவில்லை.

ஆகவே இப்பகுதியிலிருந்து சீன ஆய்வுக்கு வரும் இளைஞருக்கு என் பரிந்துரை இது. முதல் சில ஆண்டுகள் மொழிக்கே உரியவை. ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் நம்பியவர் பிறர் கேட்ட கேள்விகளுக்கே விடை தேடிக்கொண்டிருப்பார். அடுத்து, எந்தப் பிரிவில் வேலை கிடைத்தாலும் மாகாண அரசியலையும் கட்சி–படை உறவையும் விடாமல் படிக்க வேண்டும். தமிழறிவு அவருக்கு ஒரு தனிச் செல்வம். 'ஜனசக்தி'யும் 1963-இல் வார ஏடாகத் தொடங்கிய 'தீக்கதிர்' இதழும் சீனா பற்றிய விவாதத்தைத் தமிழில் நடத்திய கம்யூனிஸ்ட் ஏடுகள். மாவோவைப் பற்றிச் சேலத்துத் தொழிலாளி எந்தச் சொற்களில் கேள்விப்பட்டார் என்பதை அவற்றிலிருந்துதான் அறிய முடியும். சேலத்தில் 1997 முதல் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சீன மொழி தெரிந்த ஓர் அரசியல் ஆசிரியருக்கு நிலையான பணியிடமும், அவர் தமிழில் எழுதும் ஆய்வுக்குப் பதவி உயர்வில் முழு மதிப்பும் வேண்டும். மேற்சொன்ன வரி வழக்கின் விசாரணை ஆவணங்களும் 1967 கோடைக்காலத்தின் ஏடுகளும் அங்கு முதல் இரண்டு முனைவர் பட்ட ஆய்வுகளுக்குப் போதுமானவை.