மூணே நாள்ல நடந்தாங்க!

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா ஒரு டீயோட வந்து படிங்க.

டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது, பொட்டி தட்டற சாதா இன்ஜினியர். இதைப் படிச்சுட்டு யாரும் எந்த மருந்தையும் ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. சில வருஷத்துக்கு முன்னாடி எங்க அம்மாவுக்கு ரெண்டு கையிலயும் விரல் மூட்டெல்லாம் வீங்க ஆரம்பிச்சது. காலையில எழுந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல கை மடங்காது. பால் பாக்கெட்டைப் பல்லால கடிச்சுத்தான் திறப்பாங்க. "வயசானா வர்ற வாதம்தான்"னு ஊர்ல ஒருத்தர் பொட்டலம் பொட்டலமா மருந்து கொடுத்தார். பேரு கேட்டா சொல்ல மாட்டார். ஆனா மூணே நாள்ல அம்மா வாசல்ல உக்காந்து கோலம் போட்டாங்க! அன்னிக்கு அந்த மனுஷனை நாங்க தெய்வமாத்தான் பார்த்தோம்.

ஆறு மாசத்துல அம்மா முகம் உருண்டையாச்சு. கல்யாண வீட்ல பார்த்த சொந்தக்காரங்க எல்லாம் "உடம்பு நல்லா தேறிடுச்சே"ன்னு சந்தோஷப்பட்டாங்க. அப்புறம் சர்க்கரை வந்தது. அப்புறம் பாத்ரூம்ல லேசா வழுக்கினதுக்கே மணிக்கட்டு உடைஞ்சது. அப்பதான் ஒரு மூட்டு நோய் டாக்டர்கிட்ட போனோம். அவர் முகத்தைப் பார்த்ததுமே "எத்தனை மாசமா ஸ்டீராய்டு சாப்பிடறீங்க?"ன்னார்.

அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரி உக்காந்து தேடினதுதான் இந்தக் கதை. இதே 'மூணே நாள்' மேஜிக் 1948-லயே ஒரு தடவை நடந்திருக்கு. அன்னிக்கு உலகமே அதை நம்பிச்சு.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நாம 'மூட்டுவலி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறது நூத்துக்கும் மேற்பட்ட நோய்கள். முழங்கால் தேய்மானம் ஒண்ணு. யூரிக் அமிலம் உப்பு மாதிரி மூட்டுல படியற கவுட் இன்னொண்ணு. எங்க அம்மாவுக்கு வந்தது மூணாவது வகை, முடக்குவாதம். நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம மூட்டைத் தாக்கறது. ஆன்டி வைரஸ் சாஃப்ட்வேரே விண்டோஸ் ஃபைலை வைரஸ்னு நினைச்சு அழிச்சா எப்படி இருக்கும், அந்தக் கதைதான். லூபஸ், சோரியாசிஸோட வர்ற மூட்டுவலி, முதுகெலும்பு இறுகிப் போற ஸ்பான்டிலைடிஸ் எல்லாம் இதோட ஒண்ணுவிட்ட சொந்தம். 1800-ல பாரிஸ்ல லாண்ட்ரே-போவே என்பவர் ஒன்பது பெண்களைப் பார்த்து இதைப்பற்றி எழுதினப்போ கூட இதுவும் ஒருவகை கவுட்னுதான் நினைச்சார். இல்லை, இது தனி நோய்னு சொல்லி 'ருமடாய்டு ஆர்த்ரைடிஸ்'னு பேரு வெச்சவர் லண்டன் டாக்டர் ஆல்ஃபிரட் காரட், 1859-ல.

பேரு கிடைச்சுது, மருந்து கிடைக்கலை. தங்க உப்பு ஊசி, ஆஸ்பிரின், அதைத்தவிர படுக்கை. இதான் நிலைமை.

இப்ப 1929. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் மேயோ கிளினிக். ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். நோயாளியும் ஒரு டாக்டர்தான், 65 வயசு. அவருக்கு மஞ்சள் காமாலை வருது. வந்ததும் மூட்டுவலி காணாமப் போச்சு! காமாலை சரியான பிறகும் பல மாசம் வலி இல்லை. வேற யாராவது இருந்தா "தற்செயல்"னு போயிருப்பாங்க. ஹென்ச் இந்த மாதிரி ஆட்களைத் தேடித்தேடி எண்ண ஆரம்பிச்சார். கர்ப்பமானப்பவும் பல பெண்களுக்கு வலி குறையறதைக் கவனிச்சார். அப்போ உடம்புக்குள்ளயே ஏதோ ஒரு சரக்கு சுரக்குது, அதுதான் நோயை அடக்குதுன்னு முடிவு பண்ணி 'எக்ஸ் பொருள்'னு கூப்பிட்டார். காமாலையை செயற்கையா வரவழைச்சுக் கூடப் பார்த்திருக்கார் மனுஷன். பித்த உப்புகளைக் கொடுத்துப் பார்த்தார். ஒண்ணும் சரியா வரலை.

அதே மேயோவுல வேற கட்டடத்துல எட்வர்ட் கெண்டல்னு ஒரு வேதியியல்காரர் மாட்டோட அட்ரினல் சுரப்பியிலிருந்து ஒவ்வொரு பொருளா பிரிச்சு ஏ, பி, ஈ, எஃப்னு பேரு வெச்சுட்டிருந்தார். ஸ்விட்சர்லாந்துல ரைக்ஸ்டைனும் தனியா அதையே செஞ்சுட்டிருந்தார். 1941-ல ஹென்ச்சும் கெண்டலும் பேசினப்போ, 'காம்பவுண்ட் ஈ'யை இந்த நோய்க்குப் போட்டுப் பார்க்கலாமேன்னு முடிவாச்சு. ஆனா ஊசிக்கு வேணுங்கற அளவு சரக்கு உலகத்துலயே இல்லை.

சரக்கு தயாரிக்க வழி கொடுத்தது ஒரு புரளி. ஜெர்மன் விமானிகள் அட்ரினல் சாறு போட்டுக்கிட்டு 40,000 அடி உயரத்துல பறக்கறாங்கன்னு போர் நேரத்துல ஒரு வதந்தி. அது பொய்தான், ஆனா அமெரிக்க அரசு இந்த ஆராய்ச்சிக்கு முன்னுரிமை கொடுத்துடுச்சு. மெர்க் கம்பெனியில லூயிஸ் சாரெட் முப்பதுக்கும் மேற்பட்ட படிகள்ல அதைச் செயற்கையா தயாரிச்சார். மூலப்பொருள் என்ன தெரியுமா? மாட்டுப் பித்தம். காமாலையில ஹென்ச் தேடின மருந்து பித்தத்துல இல்லை. ஆனா கடைசியில அந்த மருந்தை பித்தத்துலேர்ந்துதான் செஞ்சாங்க :-)

1948 செப்டம்பர் 21. நாலு வருஷத்துக்கும் மேலா முடக்குவாதத்தால அவதிப்பட்ட 29 வயசுப் பெண்ணுக்கு முதல் ஊசி. குணமாகாம ஆஸ்பத்திரியை விட்டுப் போகவே மாட்டேன்னு உக்காந்திருந்தவங்க அவங்க. தினம் 100 மில்லிகிராம். மூணாவது நாள்லயே விறைப்பு விலகி நடக்கறாங்க. ஒரு வாரத்துல கடைத்தெருவுக்குப் போய் மூணு மணி நேரம் ஷாப்பிங்! 1949-ல டாக்டர்கள் கூட்டத்துல இந்த நோயாளிகளோட 'முன்-பின்' சினிமாவைப் போட்டுக் காட்டினாங்க. படுத்தவன் எழுந்து ஓடறதைப் பார்த்தா யாருக்குத்தான் புல்லரிக்காது? 1950-லயே ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூணு பேருக்கும் நோபல் பரிசு. ரெண்டே வருஷம்!

அப்புறம் நடந்தது எங்க வீட்லயும் நடந்தது. முகம் உருண்டையாச்சு, சர்க்கரை, எலும்பு உளுத்துப் போறது, சிலருக்கு மனநிலை மாற்றம். ஊசியை நிறுத்தினா வலி திரும்ப வந்தது. இது குணப்படுத்தற மருந்து இல்லைன்னு ஹென்ச்சே ஆரம்பத்துலேர்ந்து எச்சரிச்சுட்டுத்தான் இருந்தார். சினிமா பார்த்தவங்க காதுல அது விழலை.

இப்ப கதையில் நம்ம ஊர் ஆள் வர்றார். எல்லாப்ரகடா சுப்பாராவ். 1895-ல பீமவரத்தில் பிறந்த தெலுங்குக்காரர். படிச்சது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி சொன்னாருன்னு கதர் சட்டை போட்டுக்கிட்டுப் போனார். அறுவை சிகிச்சை பேராசிரியருக்குக் கோபம். விளைவு, எம்.பி.பி.எஸ். கிடைக்கலை, அதைவிடக் குறைஞ்ச எல்.எம்.எஸ். சான்றிதழ்தான். மெட்ராஸ் ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச நாள் பாடம் எடுத்துட்டு 1922-ல அமெரிக்கா கிளம்பினவர், திரும்பி வரவே இல்லை. கூடப் பிறந்தவங்க ரெண்டு பேர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தவங்க. அந்த நோய்க்கு உதவற ஃபோலிக் அமிலத்தை லெடர்லி கம்பெனியில் அவர் தலைமையில் இருந்த குழுதான் 1945-ல செயற்கையா தயாரிச்சது. அதே குழு அதுக்கு நேர் எதிரான பொருட்களையும் செஞ்சது: அமினோப்டெரின், மெத்தோட்ரெக்ஸேட். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் கொடுத்தது அந்த அமினோப்டெரினைத்தான். 1948 ஆகஸ்ட்ல, 53 வயசுல சுப்பாராவ் காலமானார். அடுத்த மாசம் மேயோவுல அந்த முதல் ஊசி.

1951-ல நியூயார்க்ல குப்னர் என்ற டாக்டரும் நண்பர்களும் அமினோப்டெரினை முடக்குவாதக்காரங்க சிலருக்குக் கொடுத்தாங்க. பெரும்பாலானவங்களுக்கு நல்லாவே வேலை செஞ்சது. பத்திரிகையிலயும் எழுதினாங்க. யாரும் கண்டுக்கலை. கார்டிசோன் நோபல் வாங்கி ஒரு வருஷம் கூட ஆகலை, மூணு நாள்ல நடக்க வைக்கற மருந்து கையில இருக்கறப்போ புற்றுநோய் விஷம் எதுக்கு? தோல் டாக்டர்கள் மட்டும் சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை விடாம பயன்படுத்தினாங்க. ஹாஃப்மைஸ்டர் என்ற ஒரு அமெரிக்க டாக்டர் தன் சொந்த நோயாளிகளுக்கு 15 வருஷமா கொடுத்துப் பார்த்த அனுபவத்தை 1983-ல எழுதினார். 1985-லதான் முறையான சோதனை முடிவு வந்தது. 1988-ல அமெரிக்க அரசு முடக்குவாதத்துக்கு அனுமதி கொடுத்தது. இன்னிக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதல்ல எழுதற மருந்து இதுதான்.

1951-லேர்ந்து 1988. முப்பத்தேழு வருஷம். நடுவுல எத்தனை விரல் கோணிப்போயிருக்கும்னு நினைச்சா எனக்குக் கோபம் வருது. ஆனா யார் மேல கோபப்படறது? கார்டிசோன் மோசடி இல்லை. இன்னிக்கும் ஸ்டீராய்டு இல்லாம காப்பாத்த முடியாத உயிர்கள் உண்டு. எங்க அம்மாவுக்கே மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் டாக்டர் குறைஞ்ச அளவுல ஸ்டீராய்டு கொடுத்து, படிப்படியாத்தான் குறைச்சார். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தாம். பேரு சொல்லாம பொட்டலம் கட்டிக் கொடுக்கறதுதான் மோசடி.

புது மருந்து மூணு நாள்ல ஒண்ணும் செய்யலை. "இது சரிப்படாது, பழைய பொட்டலமே தேவலை"ன்னு அம்மா தினமும் சண்டை. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வீக்கம் வத்த ஆரம்பிச்சது. இதுல ஒரு முக்கியமான விஷயம், வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிடணும். தெரியாம தினமும் சாப்பிட்டு இறந்தவங்க இருக்காங்க. அப்பப்போ ரத்தப் பரிசோதனையும் பண்ணணும். அதனால காலண்டர்ல ஞாயித்துக்கிழமை எல்லாம் அம்மா சிவப்பு மையில வட்டம் போட்டு வெச்சிருக்காங்க. வேற ஒரு நாள் ஃபோலிக் அமில மாத்திரை, பக்க விளைவைக் குறைக்க.

ரெண்டும் ஒரே ஆளோட லேப்ல பிறந்ததுன்னு அம்மாகிட்ட சொன்னேன். கதர் சட்டைக் கதையையும் சொன்னேன். "அந்தப் பையனுக்கு டிகிரியை ஒழுங்கா கொடுத்திருக்கலாம்"னு சொல்லிட்டு, பால் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால வெட்டப் போயிட்டாங்க.