மீன்கூடைக்கு எதிரே ஒரு கேமரா

தெருமுனையில் பூக்கட்டும் அம்மா, இஸ்திரி வண்டிக்காரர், சைக்கிள் கடை அண்ணாச்சி. இவர்களைப் போனில் படம் எடுத்து, அவர்கள் சொன்னதில் நாலு வரி சேர்த்துப் பகிர்வது நமக்கு இன்று பழகிப்போன காரியம். நேற்று முளைத்த வழக்கம் என்றே பலரும் நினைக்கிறோம். இதற்கு நூற்று எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. பிறந்த இடம் ஸ்காட்லாந்தில் ஒரு மீனவக் குப்பம். பிறந்த காரணமோ பாதிரியார்களின் ஒரு பெரிய சண்டை.

அதற்கு முன்னால் பாரிஸில் நடந்த ஒரு தற்செயலைச் சொல்லிவிடுகிறேன். 1838 வாக்கில் புகைப்பட முன்னோடி லூயி டகேர் ஜன்னல் வழியாகக் கீழே தெருவைப் படம் எடுத்தார். அந்தக் காலத்துத் தகட்டில் ஒளி பதியப் பல நிமிடம் பிடிக்கும். ஓடிய வண்டிகளும் நடந்துபோன மனிதர்களும் பதியவே இல்லை. ஒரே ஒருவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரு காலைத் தூக்கி வைத்தபடி நின்றிருந்தார். அவரும் அவர் காலடியில் கலங்கலாகத் தெரியும் பாலிஷ்காரரும் படத்தில் விழுந்துவிட்டார்கள். புகைப்படத்தில் நமக்குத் தெரிந்த முதல் மனிதர்கள் அவர்கள்தான். படத்தில் இருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது.

தெரிந்து, நின்று, முகம் கொடுத்து எடுத்துக்கொண்டவர்களைப் பார்க்க எடின்பரோவுக்குப் போக வேண்டும். 1843 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. நானூறுக்கும் அதிகமான பாதிரியார்கள் சம்பளத்தையும் வீட்டையும் உதறிவிட்டு வெளியேறினார்கள். அந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்ட ஆசைப்பட்டார் டேவிட் ஆக்டேவியஸ் ஹில். இத்தனை முகங்களை எப்போது வரைந்து முடிப்பது? இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் ஒரு யோசனை சொன்னார்: முகங்களை எல்லாம் புகைப்படமாக எடுத்துவைத்துக்கொண்டு பிறகு வரையுங்கள். ஆளையும் அவரே காட்டினார். ராபர்ட் ஆடம்சன், வயது இருபத்திரண்டு. காகிதத்தில் படம் எடுக்கும் டால்பட் என்பவரின் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை இருந்தது, ஸ்காட்லாந்தில் இல்லை. அதனால் யாருக்கும் கப்பம் கட்டாமல் ஆடம்சனால் தொழில் நடத்த முடிந்தது. அந்தக் காப்புரிமை எல்லை தாண்டியிருந்தால் இந்தக் கதை வேறு ஊரில்தான் தொடங்கியிருக்கும்.

பாதிரியார்களை எடுத்துக்கொண்டிருந்த இருவருக்கும் ஊருக்கு அருகே இருந்த நியூஹேவன் குப்பத்தின் மீது கண் போயிற்று. மீன்கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி, பாரத்தை முதுகில் சுமந்து, எடின்பரோ தெருக்களில் கூவி விற்ற பெண்களின் ஊர் அது. 1843-க்கும் 1847-க்கும் இடையே அந்த ஊர் மக்களை நூற்றுக்கும் அதிகமான படங்களில் எடுத்தார்கள். வெயில் வேண்டும், அசையாமல் நிற்க வேண்டும். அதனால் ஆண்கள் படகில் சாய்ந்தும், பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தும் நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் படத்தை மட்டும் கிட்டத்தில் பாருங்கள். பக்கத்தில் பிரம்புக் கூடை, கோடு போட்ட கனத்த பாவாடை, கேமராவைப் பார்க்காமல் தழைந்த கண்கள். எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால் என்று பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மீன்காரப் பெண்ணின் பெயர் அவள் படத்தோடு சேர்ந்து நின்றது அந்தக் காலத்துக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆடம்சன் 1848 ஜனவரியில், இருபத்தாறு வயதில் இறந்துபோனார். ஹில்லின் ஓவியம் 1866-ல்தான் முடிந்தது. அந்த ஓவியத்தை இன்று தேடிப் போகிறவர்கள் கொஞ்சம்தான். துணைவேலையாக எடுத்த மீன்காரர்கள்தான் நிலைத்தார்கள்.

இந்தப் பழக்கத்தைக் கப்பலேற்றியவரும் எடின்பரோக்காரரே. ஜான் தாம்சன் 1862-ல் சிங்கப்பூர் வந்து ஸ்டூடியோ வைத்தார். பிறகு பினாங்கில் பத்து மாதத்துக்கு மேல் தங்கினார். படம் கழுவி அச்சுப் போட ஆள் தேடியபோது, மனிதக் கை படாமல் உருவம் விழுவது பேய் வேலை என்று சீனர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் மதராஸ்காரர்கள் இருவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்து உதவிக்கு வைத்துக்கொண்டதாகத் தன் பயண நூலில் எழுதுகிறார். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம் பாட்டிமார்கள் சொன்ன காலத்துக்கு முன்பே, கடல் கடந்து போன இரண்டு மதராஸ்காரர்கள் இருட்டறையில் கை நனைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

இந்தியாவில் இதே கேமரா வேறு வேலைக்குப் போயிற்று. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, ஆளப்படும் மக்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள அரசு விரும்பியது. 1868 முதல் 1875 வரை ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ எட்டுத் தொகுதிகளாக, நானூற்று அறுபத்தெட்டுப் படங்களோடு வந்தது. முகம் ஒருவருடையது, அதன் கீழே அச்சானதோ பெரும்பாலும் ஒரு சாதியின் அல்லது இனத்தின் பெயர். கூடவே அந்தக் கூட்டத்தின் குணம் பற்றி ஒரு தீர்ப்பு. 1869-ல் லண்டன் போயிருந்த சையது அகமது கான் இந்தத் தொகுதிகளைப் பார்த்து மனம் நொந்து ஊருக்கு எழுதினார். பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் கேமராவோடு மண்டையையும் மூக்கையும் அளக்கும் கருவியையும் கொண்டுபோனார். 1909-ல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளில் நம் முன்னோர்கள் பலர் இருக்கிறார்கள், ஆனால் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. படம் எடுப்பதும் பழகுவதும் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தாம்சன் லண்டன் திரும்பினார். ஆசியத் தெருக்களில் கற்ற வித்தையைச் சொந்த நாட்டின் தலைநகரில் காட்டினார். 1877-ல் அடோல்ஃப் ஸ்மித் என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து ‘ஸ்ட்ரீட் லைஃப் இன் லண்டன்’ மாத இதழாக வரத் தொடங்கியது. பூ விற்பவர்கள், பழைய சாமான்காரர்கள், பூட்ஸ் பாலிஷ் போடும் பையன் எல்லோரும் வந்தார்கள். படத்தைத் தாம்சன் எடுப்பார், சம்பந்தப்பட்டவர்களிடம் பேசி ஸ்மித் கதையை எழுதுவார். ஒரு முகம், பக்கத்திலேயே அவர் வாயால் சொன்ன வாழ்க்கை. இன்று நம் போனில் ஓடும் வடிவம் அப்படியே அங்கே இருக்கிறது.

பத்தாண்டு கழித்து நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் என்ற போலீஸ் நிருபர், இருட்டில் வெளிச்சம் தரும் மருந்துப்பொடியை ஜெர்மனியில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தார். அதை வாணலியில் கொட்டிப் பற்றவைத்து, ஏழைகள் நெருக்கியடித்துத் தூங்கும் அறைகளில் நள்ளிரவில் படம் எடுத்தார். இரண்டு முறை வீட்டுக்கும் ஒரு முறை தனக்குமே தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1890-ல் வந்த அவருடைய புத்தகம் அமெரிக்க மனசாட்சியைக் குலுக்கியது. நல்லதுதான் செய்தார். தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்த அந்தக் கண்களைப் பார்க்கும்போது மட்டும், கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

கதவைத் தட்டியவர் ஜெர்மனியில் இருந்தார். கொலோன் நகரின் ஆகஸ்ட் சாண்டர் வாடிக்கை தேடி வெஸ்டர்வால்டு கிராமங்களுக்குப் போவார். காசு வாங்கிக்கொண்டு விவசாயிகளைப் படம் எடுத்துக் கொடுப்பார். அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய படங்களே ஒரு பெருங்கனவின் விதையாகின: பேக்கரிக்காரர், கொத்தனார், வக்கீல், வேலையில்லாதவர் என்று நாட்டையே முகங்களாக அடுக்குவது. 1929-ல் அறுபது படங்களோடு முதல் புத்தகம் வந்தது. 1936-ல் நாஜிகள் அதன் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். அவர்கள் விரும்பிய ஜெர்மன் முகம் இவருடைய புத்தகத்தில் இல்லை. 1931-ல் புகைப்பட வரலாறு பற்றிக் கட்டுரை எழுதிய வால்டர் பெஞ்சமின் சாண்டரைப் பாராட்டினார். அதே கட்டுரையில் நியூஹேவன் மீன்காரியின் முன்னாலும் நின்றார். ஓவியத்தில் இருப்பவர் யார் என்பது காலப்போக்கில் நமக்கு முக்கியமில்லாமல் போகும், இந்தப் பெண்ணோ தன் பெயரைக் கேட்கச் சொல்லி நம்மை விடமாட்டேன் என்கிறாள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஆப்பிரிக்காவில் கதை தலைகீழாக நடந்தது: ஆட்களே கேமராவைத் தேடி வந்தார்கள். மாலி நாட்டு பமாக்கோவில் தச்சு வேலை பார்த்த சேடு கெய்ட்டாவுக்குச் சிறுவயதில் மாமா ஒரு கோடக் கேமரா கொண்டுவந்து கொடுத்தார். 1948-ல் ஸ்டூடியோ திறந்தார். ரயில் நிலையம் பக்கம், கூட்டத்துக்குக் குறைவில்லை. பின்னணித் திரைக்குத் தன் கட்டில் விரிப்பையே கட்டினார். சில ஆண்டுக்கு ஒரு முறை துணியை மாற்றுவார். எந்தப் படம் எந்த ஆண்டு என்று பின்னாளில் அவர் கண்டுபிடித்தது அந்தத் துணியின் பூவேலையை வைத்துத்தான். ஆளுக்கு ஒரே ஒரு கிளிக், ஃபிலிம் விலை அப்படி. 1991-ல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில் அவர் படங்கள் சில தொங்கின. எடுத்தவர் பெயர் தெரியாது என்று கீழே எழுதியிருந்தது. பிறகு ஆந்த்ரே மான்யேன் என்ற கலைக் கண்காட்சி அமைப்பாளர் பமாக்கோவுக்கே போய் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தார்.

யாராவது என்னை ஒரே ஒரு புகைப்படக்காரரைக் காட்டச் சொன்னால், அமெரிக்காவின் பஃபலோ நகரத்து மில்டன் ரோகவினைத்தான் காட்டுவேன். அவர் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும் தொழில் செய்தவர். 1957-ல் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து விசாரணைக் குழு முன் அழைத்தார்கள். அவர் பேச மறுத்தார். ஊர்ப் பத்திரிகை சிவப்புத் தலைவர் என்று பெயர் சூட்டியது. வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். வாயை அடைத்துவிட்டார்கள், இனிக் கேமரா பேசட்டும் என்று தீர்மானித்தார். 1972-ல் தன் கடைக்குப் பக்கத்திலேயே இருந்த ஏழைக் குடியிருப்பில் படம் எடுக்கத் தொடங்கினார். முதலில் யாரும் நம்பவில்லை, போலீஸ் ஆளோ என்று பார்த்தார்கள். எடுத்த படத்தை அச்சுப் போட்டு, அடுத்த தடவை வரும்போது அவரவர் கையில் கொடுத்தார். எப்படி நிற்க வேண்டும் என்று சொல்ல மாட்டார். எங்கே, எப்படி, யாரோடு என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம்.

1984-ல் பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவி ஆனோடு அதே தெருக்களில் நடந்தார். இவரைத் தெரியுமா, இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து அதே ஆட்களை மறுபடி எடுத்தார். தொண்ணூறுகளில் ஒரு முறை. 2000-ல், தொண்ணூறு வயது தாண்டியபின் இன்னொரு முறை. நான்கு படங்களையும் பக்கத்தில் வைத்தால், மடியில் இருந்த குழந்தை தன் குழந்தையை மடியில் வைத்திருக்கும். சில வரிசைகளில் ஒருவர் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். ரோகவின் 2011-ல் நூற்றொரு வயதில் மறைந்தார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் டேனியல் மெடோஸ் ஒரு பழைய மாடி பஸ்ஸை வாங்கி, அதிலேயே குடியிருந்து, அதிலேயே இருட்டறை வைத்து, 1973-74-ல் ஊர் ஊராகப் போனார். தெருவில் வந்தவர்களை எல்லாம் எடுத்து, காசு வாங்காமல் படத்தைக் கொடுத்தார். இருபது ஆண்டுக்கு மேல் கழிந்தபின் அவரும் அந்த முகங்களைத் தேடிப் போனார்.

2010-ல் வேலை போன பிராண்டன் ஸ்டாண்டன் நியூயார்க் வந்து, பத்தாயிரம் பேரைப் படமெடுத்து வரைபடத்தில் ஒட்டுவேன் என்று கிளம்பினார். அவருக்கே பிடிக்காத ஒரு படம் இருந்தது: தலை முதல் கால் வரை பச்சையில் ஒரு பெண். அந்தப் பெண் தன் பச்சையைப் பற்றிச் சொன்னதைச் சும்மா கீழே போட்டார். அதற்கு வந்த வரவேற்பு அதுவரை எதற்கும் வந்ததில்லை. அதன்பிறகு ‘ஹியூமன்ஸ் ஆஃப் நியூயார்க்’ பேசத் தொடங்கியது. ஊருக்கு ஊர் நகல்கள் முளைத்தன. 2023-ல் ‘ஹியூமன்ஸ் ஆஃப் பாம்பே’, தன்னைக் காப்பியடித்துவிட்டதாக இன்னொரு தளத்தின் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தான் பொறுத்துக்கொண்ட ஒன்றுக்காக இவர்கள் இன்னொருவர் மீது வழக்குப் போடுவதா என்று ஸ்டாண்டன் வெளிப்படையாகவே கேட்டார். வெறும் எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்றது நீதிமன்றம். வழக்கில் எதிர்த்தரப்பின் பெயர்: ‘பீப்பிள் ஆஃப் இந்தியா’.

இந்தப் பயணம் நம்மிடம் வந்து சேர்ந்த இடமும் ஒரு மீன் மார்க்கெட்தான். மதுரை எம். பழனி குமார், பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய ‘பாரி’ என்ற ஊரக இந்திய ஆவணக் காப்பகத்தின் புகைப்படக்காரர். துப்புரவுத் தொழிலாளர்களின் சாவையும் வாழ்வையும் விடாமல் எடுத்துவருபவர். அவர் அம்மா மதுரையில் மீன் விற்றவர். கரிமேடு மார்க்கெட்டில் விடியுமுன் கூடையோடு உட்காரும் பெண்களை அவர் எடுத்த படங்களில், எடுத்தவரின் தாயும் இருக்கிறார். உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்கு இன்று அவர் கேமரா கற்றுக்கொடுக்கிறார். நியூஹேவனில் கேமரா கூடைக்கு எதிரே நின்றது. மதுரையில் அது கூடை வைத்திருந்த வீட்டிலிருந்தே கிளம்பியிருக்கிறது.

உங்கள் போனிலும் தெருக்காரர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரையாவது ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். இன்னொரு பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு, பின்பக்கம் அவர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். மெல்ல, அழுத்தாமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் எழுத்தின் தடம் முகத்தில் தெரியும்.