எழுதி சம்பாதிக்கலாம்... ஆனா உரிமை யாருக்கு? ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

‘வீட்டிலிருந்தே எழுதி மாதம் 50,000 ரூபாய் சம்பாதிக்கலாம்’ - இந்த விளம்பரம் உங்க போனுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். எழுதி சம்பாதிக்க முடியும் என்பது பொய் இல்லை. ஆனா அந்த விளம்பரம் சொல்ற வழியில் முடியாது. தமிழில் நல்லா எழுதத் தெரிந்த ஒருவருக்கு இணையத்தில் காசு எங்கிருந்து வரும், எதை ஒப்புக்கொள்ளும் முன் யோசிக்கணும்? பார்க்கலாம்.

சீக்கிரம் காசு வருவது எதில்?

கதை, கவிதையில் இல்லை என்பதை முதல்லயே சொல்லிடறோம். மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், யூடியூப் சேனல்களுக்கான ஸ்கிரிப்ட், விளம்பர வாசகம், செயலிகளில் வரும் மெசேஜ்களைத் தமிழாக்குவது... இதெல்லாம் யாரோ ஒருவருக்கு இந்த வாரமே தேவைப்படும் எழுத்து. அதனால் காசும் இங்கேதான் முதலில் வரும். ‘தமிழ் பி.ஏ. படிச்சு என்ன பண்ணப் போற?’ன்னு கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

மொழிபெயர்ப்புக்கு வார்த்தைக் கணக்கில்தான் பெரும்பாலும் காசு. இங்கேதான் தமிழுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. ஆங்கிலத்தில் ‘ஃப்ரம் தி ஹவுஸ்’ என்பது 3 வார்த்தை. தமிழில் ‘வீட்டிலிருந்து’ - ஒரே வார்த்தை! வேற்றுமை உருபு எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் இருப்பதைவிட தமிழில் வார்த்தை எண்ணிக்கை கணிசமாகக் குறையும். தமிழில் முடித்த பிறகு எண்ணிக் காசு கொடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால் ‘மூலத்தில் எத்தனை வார்த்தையோ, அதற்குத்தான் ரேட்’ என்று வேலை தொடங்கும் முன்பே பேசிடுங்க.

ரேட் சரியா என்று பார்க்க, மணிக்கணக்குப் போட்டுப் பாருங்க. உதாரணமாக வார்த்தைக்கு 50 காசு, 1,000 வார்த்தை என்றால் 500 ரூபாய். தகவல் தேட 2 மணி நேரம், எழுத 3 மணி நேரம், திருத்தம் 1 மணி நேரம் என்றால் மணிக்கு 83 ரூபாய்தான்.

இப்போது ‘ஏஐ மொழிபெயர்த்துடுச்சு, நீங்க திருத்தினா போதும்’ என்று பாதி ரேட்டுக்குக் கேட்பவர்கள் அதிகம். ஒரு பக்கத்தை வாங்கித் திருத்திப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீங்க. பல நேரம் புதுசா எழுதுவதே சீக்கிரம் முடியும்.

ஃபைவர் மாதிரியான தளங்களில் வேலை பிடித்தால், வருமானத்தில் 20 சதவீதம் தளத்துக்குப் போய்விடும். 1,000 ரூபாய் வேலைக்கு 800 தான் கைக்கு. இதையும் சேர்த்தே விலை சொல்லணும்.

கிண்டிலில் நாவல் போட்டால்?

அமேசான் கிண்டிலில் தமிழ் மின்நூலை நீங்களே இலவசமாகப் பதிப்பிக்கலாம். ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேணும்னா ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேரணும். அதில் சேர்ந்தால் சந்தா கட்டிப் படிப்பவர்கள் புரட்டும் பக்கங்களுக்கும் காசு வரும்.

நிபந்தனை ஒன்றுதான், ஆனா பெரிசு: ஒவ்வொரு 90 நாள் காலத்திலும் அந்த நூல் டிஜிட்டலில் வேறு எங்கேயும் இருக்கக் கூடாது. பிரதிலிபியில் தொடராக எழுதிவிட்டு, அதை அங்கேயே வைத்துக்கொண்டு கிண்டில் செலக்ட்டிலும் போடுவது விதிமீறல். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. இன்னொன்று, பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் இருக்கும் கதைகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிடுங்க.

சொந்த வலைப்பக்கம் இருந்தால் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் வாங்கலாம். 2018 பிப்ரவரி முதல் தமிழுக்கும் அந்த வசதி உண்டு. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். புதுசா தொடங்குபவர்களுக்கு அந்த 100 டாலரே நெடுந்தூரம்.

எழுதியது யாருக்குச் சொந்தம்?

பலர் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். வார்த்தைக்கு எவ்வளவு என்பதைவிட இது முக்கியம்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக ஒரு ஊழியர் எழுதுவது பொதுவாக நிறுவனத்துக்குப் போகும். ஃப்ரீலான்சர் ஊழியர் இல்லை. அவர் எழுதியதன் முதல் உரிமையாளர் அவரேதான். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்துப்பூர்வமான, கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேணும். சட்டத்தின் 19ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான்.

அதனால்தான் ஒப்பந்தங்களில் ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக, எல்லா வடிவங்களிலும்’ என்ற வரி வருது. 200 அத்தியாயம் ஆடியோ தொடர் எழுதும் ஒருவர் இந்த வரியைப் படிக்காமல் ஒப்புக்கொண்டால், அது நாளைக்கு வெப் சீரிஸாக வரும்போது அவருக்கு எதுவும் வராமல் போகலாம். முழு உரிமையும் கொடுப்பது தப்பில்லை. ஆனா அதற்கு விலை வேற. ‘ஆடியோவுக்கு மட்டும், 5 ஆண்டுக்கு’ என்று கேட்டுப் பாருங்க. மறுத்தால் ரேட்டை ஏற்றிப் பேசுங்க. உரிமையை விற்ற பிறகும் ‘இதை எழுதியது நான்’ என்று சொல்லும் உரிமை 57ஆவது பிரிவின்படி உங்களிடம் இருக்கும்.

காசு தராம இழுத்தடிச்சா?

மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதார், பான் எண் வைத்து குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. இடையில் ஆள் வைத்து காசு கொடுத்துப் பதியத் தேவையில்லை. பதிவு செய்த பிறகு செய்யும் வேலைக்கு, அதை வாங்கிய நிறுவனம் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரணும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இதற்குப் புகார் தர அரசின் இணையதளமும் உண்டு. இன்வாய்சில் உத்யம் எண்ணைப் போட்டு அனுப்பிப் பாருங்க, சில இடங்களில் அதுவே வேலை செய்யும். புதுக் கிளையன்ட் என்றால் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்பது இன்னும் நல்லது.

இன்னொரு பக்கம், உங்ககிட்ட காசு கேட்பவர்கள். ‘டைப்பிங் வேலை, பதிவுக் கட்டணம் 1,500’ என்று தொடங்குவார்கள். வேலையை முடித்துக் கொடுத்ததும் ‘தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிட்டீங்க, அபராதம் கட்டுங்க’ என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். பயந்து கட்டுபவர்கள் நிறைய. வேலை தருபவர் உங்களிடம் பணம் கேட்டாலே அது மோசடிதான். 1930க்கு போன் பண்ணுங்க.

வரி?

ஒரே நிறுவனத்திடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால், பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். உங்க மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் சம்பாதிக்கும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை.