‘இருளர்’ என்ற பெயர்ச்சீட்டு: திண்டிவனம் சமவெளியும் மரபணுவியலும்

திண்டிவனம், செஞ்சி வட்டாரத்து இருளரின் மூதாதையர் யார் என்று மரபணு ஆய்வுகளைப் புரட்டுபவருக்கு விடை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். 2016இல் வெளியான சைமன்ஸ் மரபணுப் பன்மைத் திட்டம் உலகின் 142 மக்கள்குழுக்களிலிருந்து 300 முழு மரபணுத்தொகைகளைத் தந்தது. அவற்றில் இரண்டு ‘இருளர்’ என்ற பெயரில் உள்ளன. அந்தப் பெயரைக் கண்டதும் அந்தத் தரவைச் சமவெளிக்குப் பொருத்திவிடக் கூடாது என்பதே என் வாதம். பெயர்ச்சீட்டை ஒட்டியது மரபணு அல்ல, அரசின் பட்டியல்.

1909இல் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தம் தொகுப்பில் நீலகிரி இருளரைத் தனியாகவும், செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, தென்னார்க்காடு இருளரைத் தனியாகவும் எழுதினார். பின்னவர்களுக்கு வில்லியர் என்ற பெயரும் உண்டு என்று குறித்தார். திண்டிவனமும் செஞ்சியும் அடங்கிய, அன்றைய தென்னார்க்காட்டின் வடபகுதிதான் 1993இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. நீலகிரி இருளருக்குத் தனித் திராவிட மொழி உண்டு, அதை மொழியியலாளர் கமில் சுவெலபில் விரிவாக ஆராய்ந்தார். சமவெளியார் பேசுவது தமிழ். மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவோரும் சமவெளியாரே. ஆனால் பழங்குடிப் பட்டியலில் எல்லோருக்கும் ஒரே வரிதான். 2011 கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் சுமார் 1.9 லட்சம் பேரை அந்த வரிக்குள் அடக்கியது. நோய்த் தரவிலும் இதே சிக்கல். லேமனும் கட்புஷும் 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாளணுப் பண்பைக் கண்டறிந்தனர். அது மலேரியா தேர்ந்தெடுத்து நிலைக்கவைத்த பண்பு, நோய் பரவிய நிலத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். மலையில் கண்ட விகிதத்தைப் பெயர் ஒன்று என்பதற்காகச் செஞ்சிக்கு எழுத முடியாது.

இன்னொரு மயக்கமும் உண்டு. மரபணு வரைபடத்தில் சிறு பழங்குடிக் குழு மற்றவரிடமிருந்து விலகித் தனிக்கொத்தாக விழுந்தால், ‘ஆதிக்குடி என்பதற்கு இதுவே சான்று’ என்று எழுதிவிடுகிறார்கள். சில நூறு பேருக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொள்வினை கொடுப்பினை நடந்தால், மரபணு வகைகளில் சில தற்செயலாகவே பெருகும், சில அற்றுப்போகும். அந்த நகர்வே குழுவைத் தனித்துக் காட்டிவிடும். விலகல் காட்டுவது குழு சிறுத்ததையும் ஒதுங்கியதையும், வயதை அல்ல. முன்பணம் வாங்கி இருளர் குடும்பங்கள் அரிசி ஆலையில் கொத்தடிமையாக முடங்கிய வரலாறுகூட இதில் பங்கு வகித்திருக்கலாம் (எனக்குத் தெரிந்து இதை யாரும் அளந்து பார்க்கவில்லை என்பது என் ஆதங்கம்).

இரண்டு மரபணுத்தொகைகளே போதும், ஒருவரின் உடலிலேயே பல்லாயிரம் மூதாதையரின் தடயம் இருக்கிறதே என்று மறுப்பு எழலாம். தொல்பழங்காலத்துக்கு அது சரி. இந்தியாவின் 73 குழுக்களை ஆராய்ந்த மூர்ஜானி குழுவினர் 2013இல், வடக்கு, தெற்கு மூதாதை மரபுகளின் கலப்பை 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தது அத்தகைய ஆழமான கேள்விக்கான விடை. மலையிலிருந்து சமவெளி பிரிந்ததா, பிரிந்தது எப்போது என்பது வேறு கேள்வி. அதற்கு இருதரப்பு மாதிரிகளிலும் பொதுவாக உள்ள மரபணுத் துண்டுகளின் நீளம் வேண்டும். 10 தலைமுறைக்கு முந்திய மூதாதை ஒருவரிடமிருந்து இருவருக்கும் வந்த துண்டு சராசரியாக 5 சென்டிமார்கன் (மரபணுத் துண்டின் நீளத்தை அளக்கும் அலகு) இருக்கும். 40 தலைமுறை என்றால் ஒன்றேகால்தான். இருதரப்பு மாதிரிகளும் இல்லாமல் எதை எதோடு ஒப்பிடுவது?

சாதிச் சான்றிதழுக்கு அலையும் குடும்பத்துக்கு மரபணுச் சோதனையாவது உதவாதா என்றும் கேட்கலாம். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் தருவது. விண்ணப்பதாரரின் குலதெய்வம், சடங்கு, தொழில் ஆகியவற்றை விசாரிக்கும் ஒப்புமைச் சோதனையே இறுதி உரைகல் ஆகாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எலி வளையில் புகைபோடத் தெரியாத இளைஞரை இருளர் அல்ல என்று தள்ளுவது எவ்வளவு பிழையோ, துண்டின் நீளம் குறைவு என்று தள்ளுவதும் அவ்வளவு பிழை. சமூகம் என்பது மணவுறவாலும் வாழ்ந்த இடத்தாலும் அண்டைவீட்டார் ஏற்பாலும் ஆனது.

ஆய்வாளர் மாற்ற வேண்டியது மாதிரிக் குறிப்பேட்டை. ‘இருளர், தமிழ்நாடு’ என்று நிறுத்தாமல் வட்டம், பேச்சு, பெற்றோரின் ஊர், பெண் எடுத்த ஊர் எல்லாம் பதிவாக வேண்டும். சமவெளி இருளர் குடும்பங்கள் பல, ஆண்டில் பல மாதம் செங்கல் சூளையில் இருப்பவை. சூளையில் எடுத்த இரத்தத்துக்குச் சூளையின் ஊரை எழுதினால், முன்பணத்துக்காகப் போன ஊரே அவர்களின் பூர்விகமாகப் பதிவாகிவிடும்.