நுகர்வோர் விருப்பம்: தொடக்ககாலப் பொருளியலில்

மக்கள் எதை விரும்பி வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்ற கேள்வி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் சூடுபிடித்தது. சோழமண்டலக் கரை, குஜராத், வங்கம் ஆகிய இடங்களிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுபோன சீட்டித் துணியும் அதற்கு ஒரு காரணம். லண்டன்வாசிகளின் சீட்டி மோகத்தால் பிழைப்பு கெடுகிறதென்று கம்பளி, பட்டு நெசவாளர்கள் முறையிட்டனர். 1700, 1721ஆம் ஆண்டுச் சட்டங்கள் அத்துணிக்குத் தடை போட்டன. அத்தடைகளுக்கு முன்பே, 1690இல், நிக்கலஸ் பார்பன் வெளிநாட்டுச் சரக்கைத் தடுப்பதை எதிர்த்து எழுதினார். உடலின் தேவைக்கு எல்லை உண்டு, மனத்தின் ஆசைக்கு இல்லை என்பது அவர் வாதம். பழைய உடை கிழியும் முன்பே புதியதை வாங்கவைக்கும் நாகரிக மோகத்தை வணிகத்தின் உயிராகக் கண்டார்.

பெர்னார்டு மேண்டவில் இன்னும் துணிந்து பேசினார். செல்வரின் ஆடம்பரமும் வீண்பெருமையுமே ஏழைகளுக்கு வேலை தருகின்றன என்று வாதிட்ட அவரது 1714ஆம் ஆண்டு நூலின்மீது 1723இல் மிடில்செக்ஸ் பெருநடுவர் குழு குற்றம் சாட்டியது.

ஆடம் ஸ்மித்தின் பார்வையே இவற்றில் ஆழமானது. உற்பத்தியின் ஒரே நோக்கம் நுகர்வுதான் என்று 1776இல் எழுதிய அவர், தேவை எது என்பதை ஊர் வழக்கமே தீர்மானிக்கிறது என்றும் காட்டினார். பண்டைய கிரேக்கரும் ரோமரும் லினன் துணியே இல்லாமல் சுகமாக வாழ்ந்தனர் என்று அவர் கருதினார்; ஸ்மித் காலத்துக் கூலித் தொழிலாளியோ லினன் சட்டையின்றி வெளியே வர வெட்கப்பட்டான். இங்கிலாந்தில் அன்று தோல் செருப்பு இல்லாவிட்டால் அவமானம். ஸ்காட்லாந்தின் ஏழைப் பெண்கள் வெறுங்காலுடன் நடந்தாலும் இழுக்கில்லை. விருப்பம் சமூகத்தில் விளைவது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

அவருக்குப் பின் வந்தவர்கள் இந்த வழியில் செல்லவில்லை. டேவிட் ரிக்கார்டோவின் கவனம் பகிர்வில் நிலைத்தது. நுகர்வுக்கெனத் தனி விதிகள் இல்லையென்றே ஜான் ஸ்டூவர்ட் மில் கருதினார். நுகர நுகர மனநிறைவு குறைகிறது என்று 1854இல் விளக்கிய ஹெர்மன் கோசனின் நூல் விற்கவில்லை. பிரதிகளை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். 1871இல் ஜெவன்ஸும் மெங்கரும், 1874இல் வால்ராஸும் பொருளின் கடைசி அலகு தரும் பயனே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்னும் இறுதிநிலைப் பயன்பாட்டுக் கொள்கையைத் தனித்தனியே நிறுவினர். தண்ணீர் மலிவாகவும் வைரம் விலைமிக்கதாகவும் இருப்பதன் புதிர் அவிழ்ந்தது. ஆனால் விருப்பம் எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்வி ஓரங்கட்டப்பட்டது. ஒரே அளவு மனநிறைவு தரும் பொருள் சேர்க்கைகளைக் காட்டும் சமநோக்கு வளைகோடுகளை 1906இல் பரேட்டோ கையாண்டபோது, விருப்பம் முன்கூட்டியே தரப்பட்ட ஒன்றாகிவிட்டது. இது பொருளியலுக்குப் பெரிய இழப்பு.

அக்கேள்வியை விடாதவர்களும் இருந்தனர். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்த எர்ன்ஸ்ட் ஏங்கல், வருமானம் கூடக்கூட உணவுச் செலவின் பங்கு குறைவதை 1857இல் கண்டறிந்தார். பகட்டு நுகர்வை 1899இல் வெப்ளன் அலசினார். சமூகம் வகுக்கும் வாழ்க்கைத்தரத்தை அடிப்படையாக வைத்து ஹேசல் கிர்க் எழுதிய நுகர்வுக் கோட்பாட்டு நூல் 1923இல் வெளிவந்தது.