திடலைத் திறந்தவர்: சென்னை மாணவர் கிரிக்கெட்டும் புச்சிபாபு மரபும்

உவகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், செல்வம், புலன், புணர்வு ஆகிய மூன்றனோடு விளையாட்டையும் வைத்தார். விளையாட்டைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்காது, மனித உணர்வின் ஊற்றுக்கண்களுள் ஒன்றாகக் கொண்டது தமிழ் மரபு. ஆயினும் நம் வரலாற்று நூல்களில் விளையாட்டுத் திடல்கள் பெற்ற இடம் மிகச் சிறிது. யார் களத்துள் இறங்கலாம், யார் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதும் சமூக வரலாறே. அவ்வரலாற்றின் ஓர் ஏட்டைச் சென்னையின் கிரிக்கெட் திடல்களில் படிக்கலாம்.

வேலியும் மரநிழலும்

ஐரோப்பியர் 1846-இல் சென்னைக் கிரிக்கெட் கழகத்தை நிறுவினர். அதன் திடல் பின்னர்ச் சேப்பாக்கத்தில் அமைந்தது. இந்தியர் அதில் உறுப்பினராக இயலாது. ஐரோப்பியருடன் ஆட வந்த இந்திய ஆட்டக்காரர்கள் கூடத்துள் அமர்ந்து உண்ண இசைவின்றி மரநிழலில் உணவருந்தினர் என்பது சென்னையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பந்தெறியும் கைகளை ஏற்றுக்கொண்டவர்கள், உடனமர்ந்து உண்ணும் கைகளாக அவற்றை ஏற்கவில்லை.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த மோதவரப்பு வேங்கட மகிபதி நாயுடு. புச்சிபாபு என்பது அவருக்கு வழங்கிய பெயர். துபாஷ் குடும்பமொன்றில் 1868-இல் பிறந்த அவர், தம் இருபதாம் வயதில், 1888-இல், சென்னை ஐக்கியக் கழகத்தைத் தோற்றுவித்தார். மறுக்கப்பட்ட வாயிலில் நின்று வாதிடுவதினும், இந்தியர்க்கெனத் தனித்திடல் ஒன்றை அமைத்து, அங்கே தேர்ந்தவர்களைக் கொண்டு ஐரோப்பியரை நேர்நின்று எதிர்ப்பதே வழி என அவர் கருதினார் எனலாம்.

அவர் திரட்டியது பெரும்பாலும் இளைஞர்களையே. மட்டையும் பந்தும் காலுறைகளும் விலைமிகுந்திருந்த காலத்தில், மாணவர்களுக்கு அவற்றைத் தம் பொருளால் வாங்கித் தந்து பயிற்சியும் அளித்தார். செல்வர் கோயிலுக்கும் சத்திரத்திற்கும் கொடையளிப்பது நாடறிந்த வழக்கம்; விளையாட்டுத் திடலுக்கு அளித்த கொடை அந்நாளில் புதுமை.

காணாத ஆட்டம்

இந்தியரும் ஐரோப்பியரும் ஆண்டுதோறும் நேர்நின்று ஆடும் மாகாண ஆட்டத்திற்கு 1908-இல் ஏற்பாடாயிற்று. இருபதாண்டு உழைப்பின் கனி அது. ஆனால் ஆட்டம் தொடங்குமுன்னரே புச்சிபாபு மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. அவர் தேடிய சமநிலையை அவர் கண்களே காணவில்லை. ஆயினும் ஆட்டம் நின்றுவிடவில்லை. பின்னர்த் தைத்திருநாளை ஒட்டி ஆடப்பெற்று, பொங்கல் ஆட்டம் என்றே மக்கள் வாயில் வழங்கி, 1952 வரை அது நிலைத்தது. அயலார் கொணர்ந்த ஆட்டம் தமிழர் திருநாளின் பெயரைப் பெற்றது சிந்திக்கத்தக்கது.

அவர் நினைவாக 1909-இல் தொடங்கிய போட்டியே புச்சிபாபு கோப்பை. அவர் மகன் சி.இராமசாமி டென்னிசில் 1922-இல் டேவிஸ் கோப்பைக்கும், கிரிக்கெட்டில் 1936-இல் இந்தியாவுக்கும் ஆடினார். மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டை ஆடியபோது அவர் வயது நாற்பது. எடுத்த ஓட்டங்கள் 40, 60. தந்தையின் வாழ்வு முடிந்த வயதில் மகனின் டெஸ்ட் வாழ்வு தொடங்கிற்று.

கல்லூரியும் லீக்கும்

1930-களின் தொடக்கத்தில் சென்னையில் லீக் ஆட்டங்கள் ஒழுங்குபெற்றன. முதற்பிரிவில் வெல்லும் அணிக்குரியது பாளையம்பட்டி ராஜா கேடயம். 1934 நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடைபெற்று, சென்னை மைசூரை ஒரே நாளில் வென்றது. அதில் முதற்பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ரோகிண்டன் பாரியா கோப்பைப் போட்டி மறுஆண்டு பிறந்தது.

இவ்வாறு மாணவர்க்கு இரு களங்கள் வாய்த்தன. கல்லூரி அணியில் ஒத்த வயதினரோடு ஆடுவது ஒன்று. லீக்கில் நகரக் கழகத்திற்கோ தொழில் நிறுவன அணிக்கோ சேர்ந்து மூத்தோரை எதிர்கொள்வது மற்றொன்று. முன்னது தோழமையைத் தந்தது. பின்னது திறத்தை உரைத்துப் பார்த்தது. கிண்டிப் பொறியியற் கல்லூரி மாணவராக இருந்தபோதே எஸ்.வெங்கட்ராகவன் 1965-இல், பத்தொன்பது வயதில், இந்திய அணிக்கு ஆடினார். பின்னாளில் ஆர்.அசுவினும் பொறியியற் கல்லூரியிலிருந்தே வந்தார்.

கடல்கடந்த ஓர் ஒப்புமை இங்குப் பொருந்தும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கேப் காட் தீபகற்பத்தில் கோடைதோறும் பேஸ்பால் லீக் நடைபெறுகிறது. சாத்தம், ஆர்லீன்ஸ், ஃபால்மத் முதலிய சிற்றூர்களின் பெயர் தாங்கிய பத்து அணிகள். ஆடுவோர் அனைவரும் கல்லூரி மாணவர், ஊதியம் இல்லை. ஊர்க்குடும்பங்கள் அவர்களைத் தம் இல்லங்களில் தங்கவைத்து உணவளிக்கின்றன. கல்லூரிக் களத்தில் உலோக மட்டை பிடித்த கைகள், இங்கே மரமட்டை பிடித்துத் தொழில்முறை ஆட்டத்திற்குத் தம்மை அணியமாக்கிக் கொள்கின்றன. லஸ்ஸில் தனியொருவர் செய்ததை அங்கே ஊரே செய்கிறது. விருந்தோம்பல் அறமும் விளையாட்டும் கைகோக்கும் இடம் அது.

தென்கோடிக்கு வந்த வழி

நாஞ்சில் நாட்டிற்கு இவ்வரலாற்றில் நெடுங்காலம் இடமில்லை. 1956 நவம்பர் 1 வரை இந்நிலம் திருவிதாங்கூரோடும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்தது. திருவிதாங்கூர்-கொச்சி அணி ரஞ்சிக் கோப்பையில் இறங்கியது 1951-52 பருவத்திலேயே. மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் லீக் சென்னையிலேயே இருந்தது. கீரிப்பாறையின் ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பால்வெட்டும் தொழிலாளியின் மகனுக்குத் திறமை இருந்தாலும், தலைநகரில் தங்க ஓர் இடமும் கையில் ஒரு மட்டையும் வேண்டும். நிறத்தால் எழுந்த வேலி வீழ்ந்தபின், தொலைவாலும் பொருளாலும் வேறொரு வேலி நின்றது.

2017-க்குப் பின் தடைப்பட்ட புச்சிபாபு போட்டி 2023-இல் மீண்டது. 2024-இல் அது நத்தம், கோவை, சேலம், திருநெல்வேலி ஆகிய இடங்களில் நடைபெற்றது. சென்னைக்கே உரியதாயிருந்த பெயர் தாமிரபரணிக் கரைவரை வந்துசேர நூறாண்டுக்கு மேலாயிற்று. அங்கிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடப்பது பெருந்தொலைவன்று.

புச்சிபாபுவின் பெருமை அவர் எடுத்த ஓட்டங்களில் இல்லை. அவற்றை இன்று எண்ணுவார் அரியர். பிறர் ஆடுதற்கு இடம் அமைத்ததிலேயே அவர் பெயர் நிற்கிறது. திடல் என்பது புல்லும் மண்ணும் மட்டுமன்று. புதியவன் ஒருவன் தயக்கத்தோடு வரும்போது அவன் கையில் மட்டையைக் கொடுத்து, பிழைத்தாலும் மறுநாள் வா என்று சொல்லும் மனமே திடல். முதற்கவிதையை மடித்த தாளில் எழுதிவரும் இளையவனுக்கு அவை தருகின்ற இலக்கிய வட்டமும் அத்தகையதே. பத்தாண்டு நிறைவில் ஒரு வட்டம் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவும் அதுவாகவே இருக்கும்: மரநிழலில் இன்னும் யாரேனும் காத்திருக்கின்றனரா?