பழைய ஏடுகளில் தொழிற்பெயர்கள்

தம் முன்னோரைப் பற்றி அறிய விரும்புவோர் சபைகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும், நிலவரி ஏடுகளையும், பத்திரங்களையும் நாடுகின்றனர். அங்கே பாட்டனார் பெயருக்கு எதிரே ஒரு தொழிற்பெயர் காணப்படலாம். அதனை இன்றைய பொருளில் வாசித்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆனால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தையும் அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையையும் பொறுத்தவரை, அச்சொற்களுட் பல ஒருவன் என்ன வேலை செய்தான் என்பதைவிட, யாருக்குக் கட்டுப்பட்டிருந்தான் என்பதையே கூறுகின்றன.

‘வெட்டியான்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். குழி வெட்டுவோன் என்றே இன்று பொருள் கொள்கிறோம். பேரப்பிள்ளைகள் அதனை ஏட்டிற் கண்டு நாணி மறைப்பதும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளிலோ ‘வெட்டி’ என்பது ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும். வெட்டியான் என்னும் பெயரும் அதன் வழி வந்தது என்பர். வயலுக்கு நீர் பாய்ச்சியவனும், விளைச்சலைக் காத்தவனும், ஓலை கொண்டு ஓடியவனும், எல்லைத் தகராற்றிலே சாட்சி சொன்னவனும் அவனே. களத்திலே அளக்கப்பட்ட தானியமும் சிறு மானிய நிலமுமே அவனுக்குக் கிடைத்தவை. ஆகவே ‘வெட்டியான் மானியம்’ என ஏட்டிற் குறிக்கப்பட்ட நிலத்துண்டு, அக்குடும்பம் எவ்வூரில் வேரூன்றி நின்றது என்பதற்குச் சான்றாகும். நாணத்தினால் அதனைத் தள்ளிவிடுவோர் கையிலுள்ள நல்ல சான்றையே இழக்கின்றனர்.

‘பண்ணையாள்’, ‘படியாள்’ என்பவை இன்னும் கடினமானவை. நாளொன்றுக்கு இத்தனை படி தானியம் என்று கூலி பெற்றவன் படியாள். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை நிலைக்கு நீதிமன்றங்களில் இருந்த அங்கீகாரத்தை நீக்கிற்று; அடிமையை வாங்குவதும் விற்பதும் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தினாற் குற்றமாயின. அதன்பின் பத்திரங்களிலே ‘அடிமை’ என்னும் சொல் மறைந்தது. கடனோ மறையவில்லை. ஒரு தலைமுறையில் அடிமை எனவும் அடுத்த தலைமுறையில் பண்ணையாள் எனவும் எழுதப்பட்டிருப்பின், தொழில் மாறிவிட்டது என்று நாம் முடிவு செய்தல் கூடாது. அயல்நாட்டு மிஷனரி ஒருவர் இவ்விருவரையும் ‘கூலி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கியிருப்பின், அவ்வேறுபாடும் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

மலையின்மீது ஏறினால் ஏடுகளே அருகுகின்றன. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார் மரபினரின் கீழ்க் கல்வராயன் மலை நெடுங்காலம் இருந்தது. 1976ஆம் ஆண்டிலேதான் அரசு அதனைத் தன் நேரடி நிருவாகத்தில் எடுத்துக்கொண்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலேயே. அதுவரை மலைமக்கள் ஜாகீர்தாருக்குக் கூலியின்றி உழைத்தனர். பிற்காலச் சான்றிதழொன்றில் ‘விவசாயம்’ என்று காணும் ஒருவர், தம் கொத்துக்காட்டை மட்டுமன்றிப் பிறர் நிலத்தையும் விதியெனக் கொத்தியவராக இருக்கக்கூடும்.

இம்மக்கள் ‘மலையாளி’ எனப்படுவதும் தேடுவோரை வழிதவறச் செய்கிறது. அயல்நாட்டிலிருந்து தேடுவோர் கேரளத்திற்குச் சென்றுவிடுவர்! மலையை ஆள்வோர் அல்லது மலையில் வாழ்வோர் என்பதே இங்குப் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. ‘கங்காணி’ என்பதும் அத்தகையதே. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே அவன் ஆள் திரட்டி வேலை வாங்கியவன். சேர்வராயன் மலையிலோ பல ஊர்களுக்குப் பொதுவான ஊழியன். ஒரே சொல், எதிரெதிர் நிலைகள்.

ஊர் அலுவலர் பெயர்கள் அத்துணைச் சிக்கலானவை அல்ல. ‘முன்சீப்’ என்பது 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளை ஒட்டிக் கிராமத் தலைவர்க்கு வழங்கிய பெயர். மணியம், கர்ணம் ஆகிய பரம்பரைப் பதவிகள் 1980இல் நீங்கின.

ஏடுகளைத் தேடுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நலம். கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் விழுப்புரம் மாவட்டத்தையும், 1993க்கு முன் தென்னாற்காடு மாவட்டத்தையும் சேர்ந்திருந்தது. தொழிற்பெயர் கிடைத்தபின், கூலி தானியமா பணமா, அளந்தவர் யார், கடன் யாரிடம் இருந்தது என்று வினவ வேண்டும். மலையைப் பொறுத்தவரை இவற்றிற்கு விடை ஏட்டில் இராது. ஜாகீர் நீங்கிய ஆண்டில் இருபது வயதினராயிருந்தோர் இன்று எழுபதை எட்டிவிட்டனர். அவர்களிடமே முதலிற் கேட்க வேண்டும்.